ஒரு சிகரெட் நேரம்

நிதானத்துக்கு அந்தப் பெயர் அப்பா அம்மா வைத்ததல்ல. கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரிய கண்ணாடியைத் தூக்கும்போதெல்லாம் "நிதானம், நிதானம்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்ததோடு விட்டிருக்கலாம், அதையே பெயராகவும் ஆக்கிவிட்டார்கள். இப்போது யாராவது வீடு தேடி வந்து உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் "ஓ, இவரா? உள்ளதான் இருக்கார்" என்கிறார்.

பெயருக்கு ஏற்ற மனிதர்தான். நடை நிதானம், சாப்பாடு நிதானம், பேச்சு அதைவிட நிதானம். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துபோகும். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தால் ஓடமாட்டார். அடுத்த பஸ் இல்லாமலா போய்விடும் என்பார். இதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. ஆனால் கண்ணாடி வேலைக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பது அபூர்வம். இத்தனை வருடத்தில் அவர் கையில் உடைந்தது என்று கடையில் யாராலும் ஒரு கண்ணாடியைச் சொல்ல முடியாது.

அந்தப் பெருமையில் பாதி எஞ்சினைச் சேரும். எஞ்சின்தான் அவருடைய கூட்டாளி. இந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. தெருமுனையில் முதலில் புகை தெரியும், பின்னாலேயே ஆள் வருவார். ஒல்லி உடம்பு, வாய் ஓயாத பேச்சு. ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்பு மாதிரி போட்டுக்கொண்டு திரிவார். "ஷூவை ஒழுங்கா மாட்டு, கண்ணாடி வேலைடா இது" என்று சொல்லிச் சொல்லி நிதானத்துக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எஞ்சின் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

பெரிய கண்ணாடியைத் தூக்குவது இரண்டு பேர் வேலை. படுக்கவைத்துத் தூக்கினால் தன் கனத்திலேயே முறிந்துவிடும் என்பதால் நிறுத்தித்தான் தூக்குவார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அடிவிளிம்பில் ஒரு கை, பக்க விளிம்பில் ஒரு கை, உள்ளங்கையில் தோல் துண்டு. மாடிப்படி ஏறும்போது கனம் முழுக்கப் பின்னால் இருப்பவர் மேல் சாயும். அவருக்கு விளிம்பையும் தன் கால் விரலையும் தவிர வேறெதையும் பார்க்க நேரமிருக்காது. வழி பார்ப்பது முன்னால் இருப்பவர் பொறுப்பு. அவர் "படி" என்றால் படி, "திருப்பம்" என்றால் திருப்பம், "நில்லு" என்றால் நிற்க வேண்டியதுதான். எஞ்சின் முன்னால், நிதானம் பின்னால். கல்யாணம் செய்துகொண்டவர்கள்கூட ஒருவரை ஒருவர் இவ்வளவு நம்பிக் கால் வைப்பதில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முறை இருந்தது. வண்டி வந்து நின்றதும் எஞ்சின் கீழே குதிப்பார். "ஒண்ணு போட்டுட்டுத் தூக்கலாம்டா" என்பார். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, கட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டடத்துக்குள் காணாமல் போய்விடுவார். நிதானம் வண்டியில் கயிற்றை அவிழ்ப்பார், சாக்கை விலக்குவார், விளிம்புகளைத் தடவிப் பார்ப்பார். சிகரெட் தீர்ந்ததும் எஞ்சின் திரும்பி வருவார். தூக்குவார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் இரண்டு மரக்கட்டைகள் தயாராகக் கிடக்கும். வெறும் தரையில் வைத்தால் கண்ணாடியின் முனை நொறுங்கும் என்பதால் கட்டை மேல் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுவார்கள். எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தது. அதுபாட்டுக்கு நடக்கிற எதையும் யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை, நிதானமும் பார்க்கவில்லை.

வம்பு வந்தது இருமலால். ஒரு துணிக்கடைக்கு ஆளுயரக் கண்ணாடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிப் படியில் எஞ்சினுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை, குடலையே வெளியே இழுத்துப் போடுகிற இருமல். கண்ணாடி ஆடியது, ஒரு பக்கம் சாய்ந்தது. நழுவுகிற கண்ணாடியைப் பிடிக்காதே, கையை விட்டுவிட்டு விலகு என்பதுதான் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். எஞ்சின் விடவில்லை. இவரும் விடவில்லை. எப்படியோ சுவரில் முதுகைக் கொடுத்து நிறுத்தினார்கள். நிதானத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வண்டி ஓட்டுநருக்கு வாயில் எதுவும் தங்காது. செய்தி அவர்களுக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டது. கடைக்காரம்மா அறுக்கிற மேஜையில் நின்று ஒரு கண்ணாடியில் கீறல் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஆளை ஏவுகிற முதலாளி இல்லை அவர். கையில் பழைய வெட்டுத் தழும்புகள் அவருக்கும் உண்டு. கீறிய கண்ணாடியைத் தட்டி இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ரெண்டு பேரும் கையை விடலையாமே? அறிவிருக்கா உங்களுக்கு?"

எஞ்சின் தரையில் கிடந்த ஒரு கண்ணாடித் துணுக்கை ஷூவால் ஓரம் தள்ளினார்.

"ஒருத்தர் விட்டா இன்னொருத்தர் மேல விழும்னு விடலை. அது எனக்குப் புரியுது. ஆனா ஒருநாள் விழும். உடைஞ்சா வேற கண்ணாடி வெட்டிக்கலாம், ஆளை எங்க போய் வெட்டறது?" என்றவர் எஞ்சினைப் பார்த்தார். "டான்ஸ் ஸ்கூல் கண்ணாடி மாசக் கடைசியில போகுது. மூணாவது மாடி. அதுக்குள்ள அந்தக் கருமத்தை விட்டு இருமலை நிறுத்துங்க. இல்லன்னா தூக்கற வேலைக்கு டிரைவரோட மச்சானைப் போட்டுக்கறேன். நீங்க இங்க என்கூட மேஜையில நில்லுங்க."

எஞ்சின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேஜை வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில், பேச ஆளில்லாமல், கடைக்காரம்மாவின் பார்வைக்கு நேராக நிற்பது அவருக்குச் சிறைதான். நிதானத்துக்கோ முகம் செத்துப்போனது. ஓட்டுநரின் மச்சானோடு அவர் ஒரே ஒரு முறை கண்ணாடி தூக்கியிருக்கிறார், எஞ்சின் காய்ச்சலில் படுத்திருந்தபோது. பலசாலி, சந்தேகமே இல்லை. "சும்மா தூக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் குதிரை மாதிரி பாய்ந்தான். "படி" சொல்லவில்லை, "திருப்பம்" சொல்லவில்லை. அன்றைக்கு வீடு திரும்பிய நிதானம் சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

ஆகவே, யாரும் எதிர்பார்க்காத விதமாக, பதில் அவரிடமிருந்து வந்தது. அதுவும் உடனே வந்தது.

"நான் விட வைக்கறேம்மா."

கடைக்காரம்மா, எஞ்சின், ஓட்டுநர் மூவரும் அவரையே பார்த்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவருக்கு அப்போதே தெரிந்தது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்துப் பார்க்காத மனிதர். விடுவது எப்படி என்று அவருக்கு என்ன தெரியும்?

அன்று சாயங்காலமே எஞ்சின் வீட்டுக்குப் போனார். எஞ்சினின் மனைவி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"அண்ணே, விடறதுல இவரு கெட்டிக்காரர். எத்தனை தடவை விட்டிருக்காரு தெரியுமா? விட்டதை மறுபடி பிடிக்கறதுல அதைவிடக் கெட்டிக்காரர்."

"இந்தத் தடவை நான் கூடவே இருக்கேன்ம்மா."

"இருங்கண்ணே. உங்க பொறுமைக்கு ஒரு பரீட்சை வேணும்ல" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நிதானம் முதலில் செய்த காரியம், எஞ்சின் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டதுதான். "இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார். தீப்பெட்டி கடையில் விற்காத பொருளா என்று எஞ்சின் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு நிதானம் முகத்தைத் தீவிரமாக வைத்திருந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. எஞ்சினுக்கு மிட்டாய், எஞ்சினுக்கு வறுத்த கடலை, எஞ்சினுக்கு மெல்லுகிற பபிள்கம். நிதானத்தின் பைகள் ஒரு பெட்டிக்கடை மாதிரி உப்பிக்கொண்டு தெரிந்தன. எஞ்சின் கழிவறைக்குப் போனால் இவர் வெளியே நின்றார். திரும்பி வந்தால் தோளில் கை போடுகிற மாதிரி பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"டேய், என் பொண்டாட்டிகூட என்னை இப்படி மோந்து பாத்ததில்லடா" என்றார் எஞ்சின்.

"அவங்க பாத்திருந்தா நான் ஏன் பாக்கறேன்?"

சிகரெட் போன இடத்தில் எஞ்சினுக்குக் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று விழுந்தார். ஒரு வாடிக்கையாளர் பாவம், "இது உடையாதுல்ல?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார். "உடையாம இருக்கறதுக்கு இது என்ன பாறாங்கல்லா? உங்க தலை மாதிரி கெட்டியாவா இருக்கும்?" என்று எஞ்சின் கொடுத்த பதிலுக்கு நிதானம் அரைமணி நேரம் மன்னிப்புக் கேட்டார். இருமலாவது குறைந்ததா என்றால், முதலில் கூடத்தான் செய்தது. "விட்டதாலதான்டா இருமல் ஜாஸ்தியா வருது, நெஞ்சு புகையைத் தேடுது" என்று புலம்பினார் எஞ்சின். நிதானம் தலையை ஆட்டிவிட்டு ஒரு மிட்டாயை நீட்டினார்.

ஒருநாள் மாட்டிக்கொண்டார். பெயிண்ட் கடைக்குப் பின்னால் யாரிடமோ நெருப்பு வாங்கி ஊதிவிட்டு, வாயில் பபிள்கம்மைத் திணித்துக்கொண்டு அப்பாவி மாதிரி வந்தார். நிதானத்துக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. திட்டவில்லை. திட்டவும் வராது. அன்று முழுக்க எஞ்சினோடு பேசவேயில்லை. இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், நிதானம் வழக்கமாகவே பேசமாட்டார். அதனால் அவர் கோபமாக இருக்கிறார் என்பது எஞ்சினுக்குத் தெரியவே சாயங்காலம் ஆகிவிட்டது.

"ஏன்டா உம்முனு இருக்க?" என்று கடைசியில் கேட்டார்.

"உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன். உன் உடம்புக்குத்தான்."

எஞ்சின் அவரை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் விழுங்கிக்கொண்டார். அதற்கப்புறம் பல நாள் அவரிடம் வாடையே அடிக்கவில்லை.

நிதானம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்ததில் ஒன்றைக் கண்டுபிடித்தார். வேலை நடக்கும்போது எஞ்சினுக்குச் சிகரெட் ஞாபகம் வருவதில்லை. வீட்டில் இருக்கும்போதுகூட அவ்வளவு இல்லை. வண்டி ஒரு கட்டடத்தின் முன்னால் வந்து நின்றதும், அந்த நொடியே, எஞ்சினின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. பையில் ஒன்றும் இல்லையென்று தெரிந்ததும் முகம் சுருங்கிப்போகிறது. அப்படியானால் அந்தச் சும்மா நிற்கிற நேரம்தான் எதிரி. அதை ஒழித்துவிட்டால் வேலை முடிந்தது.

அன்றிலிருந்து, சொன்னால் நம்பமாட்டீர்கள், நிதானம் அவசரப்பட ஆரம்பித்தார். வண்டி நிற்பதற்கு முன்பே கயிறு பாதி அவிழ்ந்திருக்கும். எஞ்சின் இறங்கிச் சோம்பல் முறிப்பதற்குள் "வா, பிடி, தூக்கு" என்பார். கட்டைப் பை வண்டியிலேயே கிடக்கும்.

"ஏன்டா பறக்கற? யாரு துரத்தறா?" என்பார் எஞ்சின்.

"பேசாம தூக்கு."

ஓட்டுநர் இதைப் பார்த்துவிட்டுத் தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். கடைக்காரம்மாகூட "வேலை சீக்கிரம் முடியுதே" என்று ஆச்சரியப்பட்டார். நல்லவேளையாக அந்த நாட்களில் வந்ததெல்லாம் தரைத்தள வேலை, ஜன்னல் கண்ணாடி, சின்னச் சின்னக் கதவுகள். ஒரு வீட்டில் பூந்தொட்டியை எட்டி உதைத்தார்கள். இன்னொரு இடத்தில் எஞ்சின் ஒரு கம்பிக் கதவில் முட்டியை இடித்துக்கொண்டு நொண்டினார். முன்பெல்லாம் இப்படி நடந்ததில்லையே என்று நிதானத்துக்கு லேசாகத் தோன்றியது. சிகரெட் இல்லாத பதற்றம், போகப் போகச் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். இருமல் குறைந்துகொண்டு வந்ததில் அவருக்கு மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை.

மாசக் கடைசி வந்தது. டான்ஸ் ஸ்கூல் கண்ணாடி ஒரு சுவர் மாதிரி இருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடி, அதுவும் கெட்டிக் கண்ணாடி. கடைக்காரம்மா அதைத் தன் கையாலேயே வெட்டி, விளிம்பை உரசி, வண்டியில் ஏற்றும்வரை பக்கத்திலேயே நின்றார். "மத்தியானம் நானே வந்து பாக்கறேன்" என்றார். அவர் பார்க்க வருவது கண்ணாடியை மட்டுமில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

பழைய கட்டடம். குறுகலான மாடிப்படி, கீழே சாயம் போன கம்பிக் கதவு. வண்டி நின்றதும் எஞ்சினின் கை சட்டைப் பைக்குப் போனது.

"தூக்கு" என்றார் நிதானம்.

"ஒரு நிமிஷம் இருடா, மூணு மாடி..."

"தூக்குடா."

தூக்கினார்கள். முதல் மாடி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. எஞ்சின் "படி, படி" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். இருமலின் சுவடே இல்லை. நிதானத்துக்கு மனசு குளிர்ந்தது. இறக்கி வைக்காமல் மேலே ஏறினார்கள். இரண்டாவது மாடிக்கு முன்னால் இருந்த திருப்பத்தில் எஞ்சின் சட்டென்று நின்றார்.

"நில்லு. நில்லு நில்லு நில்லு."

"என்ன?"

"சைக்கிள்டா."

திருப்பத்தில் ஒரு சைக்கிள் நின்றது. நின்றது மட்டுமில்லை, கைப்பிடிக் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அதைத் தாண்டிக் கண்ணாடியைத் திருப்ப வழியே இல்லை. இந்தக் கனத்தோடு பின்னால் இறங்குவதென்றால் தற்கொலைக்குச் சமம். நிதானம் அடிவிளிம்பைத் தொடையில் தாங்கிக்கொண்டார்.

"இறக்கிடலாம். கட்டை எங்க?" என்றார்.

"எந்தக் கட்டை?"

"எப்பவும் இருக்குமே, திருப்பத்துல."

"நான் வெச்சாத்தானடா இருக்கும்!"

அந்த இடத்தில், கையில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு, நிதானத்துக்கு எல்லாம் விளங்கியது. அந்த ஒரு சிகரெட் நேரத்தில் எஞ்சின் எங்கே போய்வந்தார் என்பது விளங்கியது. ஊதிக்கொண்டே மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டை போட்டு, கதவுகளைத் திறந்துவைத்து, பூந்தொட்டியை நகர்த்தி, பூட்டின சைக்கிள் இருந்தால் கதவைத் தட்டி எடுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதை வேலை என்று யாரும் சொன்னதில்லை, எஞ்சினேகூடச் சொன்னதில்லை. புகையைத் தூக்கி எறிகிறேன் என்று கிளம்பிய நிதானம் வழி பார்க்கிற நேரத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டார். இத்தனை நாள் பெயர் வாங்கியது அவர், நிதானமாக இருந்தது எஞ்சின்.

"டிரைவர்!" என்று எஞ்சின் கத்தினார். கீழே ஓட்டுநர் வண்டியில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் இல்லை.

"கை விட்டுப்போச்சுடா" என்றார் நிதானம்.

"இரு. விட்றாத."

எஞ்சின் கால்களை உதறினார். பின்பக்கம் மடங்கிய அந்த ஷூ இரண்டும் கழன்றன. ஒன்றைக் கால் விரலால் தன் பக்கத்து விளிம்புக்குக் கீழே தள்ளினார். இன்னொன்றை எட்டி உதைத்து நிதானத்தின் பக்கம் அனுப்பினார். நிதானம் அதைக் காலால் இழுத்து நேராக்கினார். கண்ணாடி மெல்ல, மெல்ல, இரண்டு பழைய ஷூக்களின் மேல் இறங்கி உட்கார்ந்தது. இருவரும் மூச்சு விட்டார்கள். ஷூவை ஒழுங்காக மாட்டு என்று இத்தனை வருடம் கத்தியதற்கு நிதானம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கனம் இறங்கிவிட்டாலும் ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். எஞ்சின் வெறுங்காலோடு விளிம்பை விட்டு விலகினார். நெற்றியைத் துடைத்தார். அப்புறம் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு சிகரெட்டை எடுத்தார். ஒரே ஒரு சிகரெட், காகிதம் கசங்கி, பல நாள் பையில் கிடந்து நைந்துபோனது.

நிதானம் பார்த்துக்கொண்டே நின்றார். கையை நீட்டிப் பிடுங்க முடியாது. கண்ணாடியை விட முடியாது.

"எவ்வளவு நாளா வெச்சிருக்க?"

"முதல் நாள்ல இருந்து" என்றார் எஞ்சின், அவர் கண்ணைப் பார்க்காமல்.

நிதானம் யோசித்தார். அவருக்கே உரிய விதத்தில், நிதானமாக யோசித்தார்.

"போ" என்றார். "போய்ப் பாத்துட்டு வா. நான் பிடிச்சுக்கறேன்."

எஞ்சின் சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டார். கீழே ஓடிப்போய்க் கட்டைப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். நிதானத்தின் பக்கமாக ஒடுங்கி நுழைந்து, சைக்கிளைத் தாண்டி மேலே போய் மறைந்தார். ஒரு கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பேச்சு. அப்புறம் மாடிப்படி வழியாக மெதுவாக ஒரு வாடை இறங்கி வந்தது.

சிகரெட் வாடை. நிதானத்தின் மூக்கு பொய் சொல்லாது.

போச்சு என்று நினைத்தார். எதிரே கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, வியர்த்து, வெளிறிப்போய். இத்தனை மிட்டாயும் கடலையும் வீண். மத்தியானம் கடைக்காரம்மா வருவார், எஞ்சின் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். நாளையிலிருந்து முன்னால் ஓட்டுநரின் மச்சான் நிற்பான். அழுகை வருகிற மாதிரி இருந்தது. கோபம் வரவில்லை, அதுதான் அவருக்கே ஆச்சரியம். ஊதினால் ஊதிவிட்டுப் போகட்டும், ஆள் திரும்பி வந்து அந்த முனையைப் பிடித்தால் போதும் என்றுதான் இருந்தது. நண்பனின் உடம்புக்காக என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே, உண்மையில் எதற்குப் பயந்தோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்த முனையில் வேறொருவன் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சங்கிலி சலசலத்தது. பனியன் போட்ட ஒருவர் இறங்கி வந்து, "மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லி, பூட்டைத் திறந்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே போனார். அவர் வாயில் ஒரு சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே எஞ்சின் வந்தார். அவர் சிகரெட் காதிடுக்கில் இருந்தது. முழுசாக, அதே கசங்கலோடு, நுனி கருகாமல்.

நிதானம் அதையே பார்த்தார்.

"என்னடா பாக்கற? அந்த ஆளு கதவைத் திறந்ததே சிகரெட்டும் கையுமாத்தான். என் வாயில பத்தவைக்காத சிகரெட்டைப் பாத்துட்டு அவரே நெருப்பு நீட்டினாரு."

"அப்புறம்?"

"வேண்டாம், கீழ ஒருத்தன் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான்னு சொன்னேன்." குனிந்து ஷூக்களுக்குப் பதிலாகக் கட்டைகளை ஒவ்வொன்றாக விளிம்புக்குக் கீழே செருகினார். "மேல ரெண்டு திருப்பத்துலயும் கட்டை போட்டாச்சு. டான்ஸ் ஸ்கூல் கதவு ஒருபக்கம்தான் திறந்திருந்துது, ரெண்டையும் திறக்கச் சொல்லிட்டேன். வாசல்ல ஒரு கால்மிதி இருந்துது, அதையும் எடுத்துட்டேன். தூக்கலாமா?"

நிதானம் அடிவிளிம்பில் கையை வைத்தார்.

"உன் உடம்புக்காகத்தான் நான் இதெல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருடா" என்றார் எஞ்சின். "என் உடம்புக்காகன்னா நான் என்னைக்கோ உன்னை ஏமாத்தியிருப்பேன். என் பொண்டாட்டி சொல்லாததா? நீ பயந்துபோய்க் கிடந்த. மச்சான்காரன் பேரைக் கேட்டதும் உன் மூஞ்சி போன போக்கைப் பாத்தேனே. அதுக்காகத்தான் விட்டேன். பிடி."

பிடித்தார்கள். "படி" என்றார் எஞ்சின். நிதானம் கால் வைத்தார்.

மத்தியானம் கடைக்காரம்மா வந்தபோது கண்ணாடி சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தது. யாரும் போய் முட்டிக்கொள்ளக் கூடாதென்று எஞ்சின் அதில் சோப்பால் பெரிய பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரம்மா விளிம்புகளைத் தடவினார். நாலு முனையையும் பார்த்தார். அப்புறம் நிதானத்தைப் பார்த்தார்.

"இருமல் வந்துச்சா?"

நிதானத்துக்குப் பொய் வராது. "வந்துச்சும்மா. மாட்டி முடிச்ச பிறகு வந்துச்சு."

"சிகரெட்?"

"இல்லம்மா" என்றவர், வழக்கத்துக்கு மாறாகத் தொடர்ந்து பேசினார். "ஆனா ஒண்ணும்மா. இனிமே தூக்கறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு சிகரெட் நேரம் வேணும். சிகரெட் வேண்டாம், நேரம் மட்டும். சீக்கிரம் முடியலன்னு திட்டக் கூடாது."

கடைக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நிதானம் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. அதற்காகவே சரி என்றார். ஓட்டுநரின் மச்சானைப் பற்றி அவரும் பேசவில்லை, இவர்களும் கேட்கவில்லை. போகும்போது மட்டும் எஞ்சினின் காலைக் காட்டி, "ஷூவை ஒழுங்கா மாட்டுங்க" என்றார். நிதானம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வண்டியில் திரும்பி வரும்போது எஞ்சின் காதிடுக்கிலிருந்த சிகரெட்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அதை நிதானத்தின் சட்டைப் பையில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் செருகினார்.

"ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும். எனக்குத் தேவைப்பட்டா கேக்கறேன். நீ யோசிச்சுப் பதில் சொல்றதுக்குள்ள எனக்கு ஆசை போயிடும்."

அன்று சாயங்காலம் துவைக்கப் போட்ட சட்டையின் பைகளை நிதானத்தின் மனைவி துழாவினார். மிட்டாய்க் காகிதம், கடலைத் தோல், தீப்பெட்டி, அப்புறம் ஒரு நைந்த சிகரெட். கடைசி இரண்டையும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றார்.

"என்னங்க இது? இந்த வயசுல ஆரம்பிச்சிருக்கீங்களா?"

"எஞ்சினோடது."

"எஞ்சின் அண்ணனோடதுன்னா உங்க பையில எதுக்கு?"

நிதானம் யோசித்தார். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்திருந்தார். பழகிப்போன காத்திருப்பு.

"இனிமே என் பையிலதான் இருக்கும்" என்றார்.

மனைவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் காலையில் நிதானம் வேறு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டபோது, தீப்பெட்டியும் சிகரெட்டும் ஏற்கெனவே அதன் பையில் இருந்தன.